தள்ளுபடி போக

மச்சான்,

போன மாதம் டாக்டருடைய காரின் இடப்பக்கக் கதவைக் கழற்றினேன். மழை ஈரமும் பசை வாசமும் குப்பென்று மூக்கில் ஏறியது. உள்ளே இருட்டில், கம்பி ஆடாமல் இருக்க ஒட்டிய கறுப்புத் துணி டேப் அப்படியே இருந்தது. ஒட்டியது யார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டேப்பின் கடைசி முனை கொஞ்சம் மடித்து விட்டிருந்தது. பின்னால் பிரிக்க வருகிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று நீங்கள் மட்டும் செய்கிற மடிப்பு. தமிழ்நாட்டில், ஏன் இந்தியாவிலேயே, டேப்பை அப்படி மடிக்கிற ஆள் வேறு கிடையாது. நான் விசாரித்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். மடிப்பில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன்.

டாக்டர் பக்கத்தில் வந்து, "என்னண்ணே, சத்தம் புடிச்சிட்டீங்களா?" என்றார்.

"புடிச்சா மாதிரிதான்" என்றேன்.

"இருங்க, பாட்டு போடுறேன். ஷட்டரோட புதுசு. நேத்துதான் வந்துச்சு" என்று போனை அமுக்கினார்.

பாட்டு வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஆள் பேசினான். அந்த ஆள் யார் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்வதுதான் என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் அந்த ஒழுங்கு எனக்குப் பிறவியிலேயே உண்டு. பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று உங்கள் தங்கை சொல்வாள். அவளை நம்ப வேண்டாம்.

முதல் தடவை டாக்டர் வந்த நாள் நினைவிருக்கிறதா? தென்னூரில் நம் கார் ஸ்பீக்கர் கடைக்கு எதிரே ஆஸ்பத்திரி வைத்த புதிது. புதுக் கார், நாம் போட்ட புது ஸ்பீக்கர். போட்ட மறுநாளே வந்து நின்றார். "கதவுல ஏதோ கிணுகிணுங்குதுண்ணே" என்றார். போனில் ஒரு பாட்டு போட்டுக் காட்டினார். எந்தக் காலத்துச் சினிமாப் பாட்டோ. பாடியவள் குரலைப் பஞ்சு பிரிப்பது போலப் பிரித்து இழுத்திருந்தார்கள். வார்த்தை எல்லாம் கரைந்துபோய், வரிக்கும் வரிக்கும் நடுவே அவள் இழுத்த மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போன பிறகு ஒரு ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. அடியில் ஊஃபரின் கனத்த சத்தம் மெதுவாக இடிக்கிறது. நடுவில் எங்கேயோ அந்தக் கிணுகிணு.

எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. ஏசி அதிகம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

கதவைக் கழற்றினோம். கம்பியைக் கட்டினோம், கிளிப்பை மாற்றினோம், டேப் ஒட்டினோம், மாட்டினோம். கிணுகிணு. மறுபடி கழற்றினோம். பின்கதவு, டாஷ்போர்டு, டிக்கி என்று அந்தக் கார் கம்பெனியிலிருந்து வந்த கோலத்துக்கே திரும்பிப் போய்விட்டது. டாக்டர் நோயாளிகளை விட்டுவிட்டு வந்து வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் நீங்கள் அவர் போனை வாங்கி, காரிலிருந்து பிடுங்கி, வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டீர்கள். முகம் மாறியது.

"மாப்ள, கதவ மாட்டுங்க" என்றீர்கள். "சத்தம் பாட்டுல இருக்கு."

அன்றைக்கே நான் சொன்னேன், இது நம் தொழிலைக் கெடுப்பதற்கென்று எவனோ கிளம்பிய வேலை என்று. பாட்டுக்குள் எவனாவது கதவுச் சத்தத்தைப் போடுவானா? எந்த ஊர்க் கம்பெனியோ காசு கொடுத்து அனுப்பியிருக்கிறது, ஸ்பீக்கர் கடைக்காரன்கள் எல்லாம் கதவைக் கழற்றியே சாகட்டும் என்று. சந்தேகப்படுவது என் தொழில் மச்சான். காரில் உள்ள ஒவ்வொரு திருகும் எனக்குக் குற்றவாளிதான். தான் இல்லை என்று அது நிரூபித்த பிறகுதான் விடுவேன். அந்தப் பாட்டு நிரூபிக்கவில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அதே பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டீர்கள். காலையில் கடை திறந்ததும் அதுதான். எந்தக் கார் வந்தாலும் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் சோதித்தீர்கள். அந்த இடியில் எந்தத் தளர்ந்த திருகும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு காரணம் சொன்னீர்கள். காரணம் அது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். கஸ்டமர் போன பிறகும் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே.

"யாரு இந்த ஆளு?" என்று டாக்டரைக் கேட்டோம். யாருக்கும் தெரியாது என்றார். பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து இங்கிலீஷ் எழுத்து, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. ரீமிக்ஸ் மட்டும் அவ்வப்போது வரும். கீழே வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பார்கள். ஒளிந்துகொண்டு வேலை செய்கிறவனை நான் எப்போதும் நம்பியதில்லை. நல்ல வேலை செய்தால் பேரைப் போட வேண்டியதுதானே? நான் ஒரு ஃபியூஸ் மாற்றினால்கூட ஊருக்குத் தெரியும்.

ஆனால் மச்சான், சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆள் கெட்டிக்காரன் என்பது எனக்கு முதல் நாளே பட்டுவிட்டது. இரண்டாவது ரீமிக்ஸில் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் கரகரப்பை வைத்தே ஒரு மழை பெய்ய வைத்தான். இன்னொன்றில் குக்கர் விசில் ஒன்று தூரத்தில் ரயிலாகிப் போய்விடும். கேட்டு முடித்த பிறகு கடைத் தெருவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு சத்தமும் வேறு ஏதோ ஒன்றின் வேஷமாகத் தெரிந்தது.

அந்தக் கிணுகிணு என்ன என்று நீங்கள் ஒரு வாரம் யோசித்தீர்கள். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "டவுன் பஸ்ஸு மாப்ள. சன்னல் ஷட்டரு" என்றீர்கள்.

மறுநாள் மத்தியானமே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். ஓட்டை பஸ்ஸாகப் பார்த்து ஏற வேண்டும் என்று நல்ல பஸ்கள் இரண்டை விட்டோம். கடைசி சீட். ஸ்ரீரங்கம் வந்ததும் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் வந்து நின்றார்.

"பெரியவரே, கோயில் வந்தாச்சு. எறங்கலையா?"

"எறங்கறதுக்கு வரல தம்பி, கேக்கறதுக்கு வந்தோம்" என்றேன்.

"என்னத்தக் கேக்கறதுக்கு?"

"இந்த ஷட்டர" என்று நீங்கள் காட்டினீர்கள்.

அவர் நம் இருவரையும் பார்த்தார். ஷட்டரைப் பார்த்தார். "அப்ப அதுக்கும் சேத்து மூணு டிக்கெட்டா எடுத்துக்கிடுங்க" என்றார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பிடித்தோம். பாலத்தில் இணைப்பு வருகிற இடத்தில் எல்லாம் பஸ் ஒரு குதி குதிக்கும்; அந்தக் குதியில் ஷட்டர் தகரம் கிணு என்னும். பாட்டில் இருந்த அதே இடைவெளி. அதே தகரம். நீங்கள் என் தொடையில் தட்டித் தட்டித் தாளம் போட்டீர்கள். எதிர் சீட்டு அம்மா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்த ஆளுக்கு நாம் ஷட்டர் என்று பேர் வைத்தோம். டாக்டரும் அதையே பிடித்துக்கொண்டார். உலகத்துக்கே தெரியாத ஆள் நம்ம ஊர் ஆள்தான் என்பதைக் கண்டுபிடித்தவன் நான் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள் உங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்கள்.

"தள்ளுபடி போக எவ்வளவு மாப்ள?"

எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். கஸ்டமர் முன்னால் நான் கதை சொல்லி முடித்து, அவர்கள் போன பிறகு, முகத்தை அசைக்காமல் கேட்பீர்கள். அந்த ஜப்பான்காரர் கதைக்கும் அதே கேள்விதான். ஜப்பானிலிருந்து வந்த பெரிய எஞ்சினியர், அவர் காரில் ஒரு சத்தம், மெட்ராஸ், பெங்களூர் எல்லாம் கைவிட்டுவிட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு சுற்று போகச் சொல்லி, "சத்தம் கார்ல இல்ல சார், உங்க வாட்ச்சுல" என்று சொல்ல, அவர் வாட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம் வைத்தார். ஆள் லால்குடி நெல் வியாபாரி என்பதும், காரில் ஏறி உட்கார்ந்தது நீங்கள் என்பதும் நம் இருவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கதை என்று வந்துவிட்டால் லால்குடி போதாது மச்சான். நீங்களும் வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. யாராவது ஒருவர் உட்கார வேண்டுமே.

"வாட்ச் நெசம்" என்பேன். "அது போதும்" என்பீர்கள்.

அப்புறம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஸ்ரீரங்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அப்பாவின் பழைய வெள்ளைக் கார்.

"டிரைவர் பக்கத்துக் கதவுல ஒரு சத்தம் வரது. எங்கேருந்துன்னு பாருங்கோ" என்றார்.

பார்ப்பதென்ன, நான் தட்டியே சொன்னேன், உள்ளே ஏதோ விழுந்து கிடக்கிறது என்று. கழற்றிக் கையை விட்டு எடுத்தேன். ஒரு பேனா மூடி. கண்ணாடி இறங்குகிற சந்து வழியாக விழுந்திருக்கிறது. வெற்றியோடு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்துட்டேளா? நான் எங்கேருந்துன்னு மட்டும்தானே பாக்கச் சொன்னேன். திருப்பிப் போட்டுடுங்கோ."

"மேடம், சத்தம் வரும்."

"வரணும். அப்பா ஓட்டறச்சேல்லாம் வந்துண்டிருந்தது."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து மூடியை வாங்கிக்கொண்டு போய், எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று என்னைக் கேட்டு, அதே இடத்தில் வைத்தீர்கள். கதவை மாட்டி, அந்த அம்மாவையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தீர்கள். போகும்போது வாயை மூடிக்கொண்டு போனவர்கள் வரும்போது பேசிக்கொண்டே வந்தீர்கள். எனக்கு அங்கேயே விழுந்தது சந்தேகத்தின் முதல் திருகு.

சத்தத்தைக் காசு கொடுத்து வைத்துக்கொள்கிற கஸ்டமரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதற்கு மேல், அன்றிலிருந்து நீங்கள் கழற்றிய கதவுக்குள் எல்லாம் போனை நீட்ட ஆரம்பித்தீர்கள். கேட்டால், "சும்மா, சத்தம் புடிச்சு வைக்கிறேன்" என்றீர்கள். வேலை இல்லாத நேரத்தில் போன் உங்கள் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு ஆள் காணாமல் போனீர்கள். எங்கே என்று டாக்டர்தான் சொன்னார்; ஸ்ரீரங்கத்தில் பார்த்தாராம்.

உங்கள் தங்கையிடம் கேட்டேன்.

"உங்க அண்ணன் ஞாயித்துக்கெழம ஸ்ரீரங்கத்துல என்ன பண்றாரு?"

"சாமி கும்புடப் போறாரோ என்னவோ."

"காலைல மேலப்புதூர் மாதா கோயில்ல பூசை, சாயங்காலம் ரங்கநாதரா?"

"உங்களோட கடை நடத்துறவரு ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கிறது நல்லதுதான."

"வெளையாடாத. அங்க தனியா கடை போடப் போறாரு. அந்தம்மாதான் மொதலு போடுது. சத்தத்தையெல்லாம் போன்ல புடிச்சிட்டுப் போறாரு பாரு, நம்ம தொழில் ரகசியத்த."

"எங்கண்ணனா? அவரு செருப்பு வாங்கறதுக்கே ஒங்களக் கூட்டிட்டுப் போறவரு" என்று சொல்லிவிட்டு அவள் மாவு பிசையப் போய்விட்டாள்.

கல்யாணம் கட்டாத மனிதர் நீங்கள் என்பதால் இன்னொரு சந்தேகமும் வராமல் இல்லை. ஆனால் அந்தக் கிரீஸ் கறைச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்த்ததும் அதைத் தள்ளுபடி செய்துவிட்டேன். மிஞ்சியது கடைதான். நீங்கள் தனியாகப் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என் வாயும் உங்கள் காதும் சேர்ந்ததுதான் நம் கடை. வாய் மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஷட்டரைத் திறக்க முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தேன். போலீஸில் சேர்ந்திருந்தால் இந்நேரம் எனக்குக் கீழே ஒரு ஜில்லா இருந்திருக்கும். சித்திரை வீதிக்கு உள்பக்கம், அந்த வெள்ளைக் கார் நிற்கிற வீடு. பைக் வாசலில். சன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த அம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால். நீங்கள் நாற்காலியில், காதில் பெரிய ஹெட்போன், கண் மூடியிருக்கிறது. உங்கள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அழுகிறார் என்று நினைத்தேன். ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மனிதரை மாட்டிவிட்டார்கள் என்றுதான் பட்டது. மறுநாள் காலையில் நேருக்கு நேர் கேட்டேன்.

"ஸ்ரீரங்கத்துல என்ன மச்சான் நடக்குது?"

"ஒரு வேலை நடக்குது மாப்ள. முடியட்டும். ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"என்னன்னு இப்பச் சொன்னா என்ன?"

"இப்பச் சொன்னா ஊருக்கே சொல்லிருவீங்களே" என்றீர்கள்.

அது எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து டீ தனித்தனியாகக் குடித்தோம். நான் எதிர்க்கடையில், நீங்கள் நம் கடைப் படியில். அப்படியே சில வாரம் ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவில்லை. டாக்டர்தான் ஓடி வந்தார். நெஞ்சு என்றார். வேலை முடிந்ததா, முடியவில்லையா, எனக்குச் சொல்லவே இல்லை.

கல்லறைக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். நனைந்த குடையை மடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "சார், ஒரு நாள் ஆத்துக்கு வாங்கோ. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்றார். கடைப் பத்திரத்தைத்தான் காட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கலாம் என்று சொன்னேன். போகவில்லை. உங்களைப் பற்றி வேறு விதமாகத் தெரிந்துகொள்ள எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

சரி, டாக்டர் காருக்கு வருகிறேன்.

பாட்டு தொடங்கியது. அதே பாலம், அதே ஷட்டர் கிணு. கதவுகள் மூடும் சத்தம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து ஏதோ பெரிய கூடம் போல் ஆனது. அதற்குள் ஒரு ஆள் பேசுகிறான். குரலை இழுத்து, கனமாக்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல். சத்தம்... கார்ல... இல்ல சார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும். சத்தம்... கார்ல... இல்ல சார்.

அந்த ஆள் நான்தான் மச்சான்.

"பயங்கரமா இருக்குல்லண்ணே? யாரு கொரல்னு தெரியல. கீழ எல்லாரும் அதத்தான் கேட்டுருக்காங்க. யாரோ செத்துப்போன ஆளுன்னு சொல்றாங்க" என்றார் டாக்டர்.

மூன்று வருடமாக எதிர் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு என் கதையையே கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர். நான் வாயைத் திறந்தேன். தென்னூர் முழுக்க, சத்திரம் வரைக்கும், லால்குடி ரயிலில் வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் வாயை மூடிக்கொண்டு, "தெரியலையே தம்பி" என்றேன். பாட்டின் பேர் என்ன என்று மட்டும் கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார். தமிழிலேயே போட்டிருந்தது. தள்ளுபடி போக.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் அந்த வாசலில் நின்றேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"வாங்கோ. கேட்டுட்டேளா?"

"என் கொரல எடுக்க ஒங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?" என்று கேட்கத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. "ஷட்டர் நீங்கதானா?"

"அப்படித்தான் பேர் வெச்சிருக்கேளாமே. சொன்னார்" என்றார்.

முதல் நாளே அவர் கார் ஸ்டீரியோவில் ஷட்டருடைய ரீமிக்ஸ் ஒன்று பாதியில் நின்றிருந்ததாம். இன்னும் வெளிவராத ரீமிக்ஸ். அதைக் கேட்டுத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்களாம். என்னிடம் சொல்லாமல் இவ்வளவு நாள். சத்தம் கொண்டுவந்து தருகிறேன் என்று நீங்களாகத்தான் கேட்டீர்களாம்.

"ஒவ்வொரு வாரமும் போன்ல பிடிச்சுண்டு வருவார். இது கண்ணாடிக் கம்பி, இது சீட்டு ஸ்பிரிங்னு. போட்டுக் கேட்டா எல்லாத்துலயும் பின்னாடி நீங்க பேசிண்டிருப்பேள். அந்தக் குரல் இல்லாம ஒண்ணு பிடிச்சுண்டு வாங்கோளேன்னேன். அது நடக்காது மேடம், அந்தக் கடையில அந்தச் சத்தம் நிக்கவே நிக்காதுன்னார்."

சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு ஸ்கூட்டரைப் பார்த்தேன்.

"அப்ப கம்ப்யூட்டர்ல எடுத்துடட்டுமான்னு கேட்டேன். எடுக்காதீங்க, எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாருங்கன்னார். பேனா மூடிக்கு நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார்."

"பாதி செஞ்சு வெச்சிருந்தோம். அவர் போனப்புறம் ஒரு வருஷம் அதைத் தொட முடியலை" என்றார் பிறகு.

நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார். நீங்கள் பிடித்த சத்தங்கள், எதையும் சேர்க்காமல். கதவு, திருகு, மழை, தென்னூர் ஆட்டோ ஹாரன். எல்லாவற்றிலும் நான். நான், நான், நான். இவ்வளவு பேசுகிறேனா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. நன்றாகவும் பேசுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டே போனேன். ஒரு இடத்திலாவது நீங்கள் வருவீர்கள் என்று பார்த்தேன்.

"அவர் கொரல் எங்க மேடம்?"

"இல்லை சார். போன் அவர் பையிலேன்னா இருந்தது. கேட்டுண்டிருந்தார்."

அப்புறம் புது ரீமிக்ஸைப் போட்டு, "இந்த அடித்தாளம் எதுன்னு தெரியறதா, சொல்லுங்கோ பாப்போம்" என்றார்.

ஊஃபருக்கு மேலே, மெதுவாக, சர், சர், சர் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மணலா, துடைப்பமா, வைப்பரா? நாற்பது வருஷ அனுபவம் எனக்கு. தோற்றுப்போனேன்.

"சட்டைப் பை" என்றார். "சிரிப்பை அடக்கறச்சே உடம்பு குலுங்கும் இல்லையா? போன் துணியில உரசறது. நீங்க கதை சொல்றச்சேல்லாம் இது இருக்கும். அதைத்தான் தாளமா வெச்சோம். அவர்தான் வெக்கச் சொன்னார். இங்கே உக்காந்து கேட்டுண்டு மறுபடியும் சிரிப்பார்."

சன்னல் வழியாக நான் பார்த்த தோள் அதுதான்.

எனக்கு உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது மச்சான். வராமல் இருக்குமா? என்னைப் பார்த்துச் சிரித்தீர்களா? இத்தனை வருஷமும், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, உள்ளே இந்த ஆள் ஒரு கோமாளி என்று குலுங்கிக்கொண்டிருந்தீர்களா? அந்த அம்மாவிடம் இதைக் கேட்க முடியாது. ஜப்பான்காரர் கதை இருக்கிற துண்டை மட்டும் தனியாகப் போடச் சொன்னேன். போட்டார். மறுபடி போடச் சொன்னேன். ஒரு காரில் சத்தம் பிடிக்கிற மாதிரியே பிடித்தேன். கண்ணை மூடி, ஒவ்வொரு திருகாக.

நான் சொல்கிறேன்: ஏறி உட்கார்ந்தேன். கண்ண மூடினேன். ஒரு சுத்து போங்க சார்னேன்.

அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது சர், சர். வாட்ச் இன்னும் வரவில்லை. சிரிக்க ஒன்றும் சொல்லவில்லை நான். கதை தெரியாத கஸ்டமர் வாட்சுக்குப் பிறகுதான் சிரிக்கிறான். அதுவும் துண்டிலேயே கேட்கிறது. நீங்கள் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டீர்கள். அந்த வாட்ச் வரப் போகிறது என்று காத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காதே கண்டுபிடித்த வாட்ச், என் வாயிலிருந்து மறுபடியும் வருவதற்கு.

விசாரணையை அங்கே முடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா காபி கொடுத்தார். கிளம்பும்போது பாட்டில் என் பேரைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இதை உங்கள் தங்கையிடம் சொன்னபோது என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டு காலியாக இருந்தது. இப்போது பஸ்களில் ஷட்டர் இல்லை, எல்லாம் கண்ணாடி. பாலத்தில் குதித்தபோது எங்கேயோ ஏதோ ஒன்று ஆடியது; எது என்று நான் தேடவில்லை. கடைக்கு வந்து டாக்டர் காரின் கதவை முடித்தேன். உங்கள் டேப்பைப் பிரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டினேன், முனையை மடித்து. இப்போதெல்லாம் கஸ்டமருக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது, ஒரு சுத்து போங்க சார்னேன் என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். மறந்துவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும்தான் நிறுத்துகிறேன் மச்சான். அதற்குப் பிறகுதான் வாட்சுக்குப் போகிறேன்.